அம்புக்கு ஒட்டுப் போட்ட கதை

மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. கோயில், தச்சுப் பட்டறை, அறுவை மருத்துவம் மூணும் கலந்து வரும். பொறுமையா படிங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி பெரியவர் ஒருத்தர் ஓ.பி.க்கு வந்தார். பண்ருட்டி பக்கம் சின்னதா தச்சுப் பட்டறை வச்சிருக்கார். (அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன். "பேரு மட்டும் வேணாம் டாக்டர்"னு சொல்லிட்டார்.) வலது உள்ளங்கையில கட்டைவிரலுக்குக் கீழே வீக்கம், சீழ். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னாடி சவுக்குக் கட்டை இழைக்கும்போது சிலாம்பு ஏறியிருக்கு.

"அன்னைக்கே புடுங்கிப் போட்டுட்டேனே டாக்டர், அப்புறம் எப்படி வீங்குது?"

எக்ஸ்ரே எடுத்தோம். ஒண்ணும் தெரியல. மரச் சிலாம்பு பெரும்பாலும் எக்ஸ்ரேவில் தெரியாது. அல்ட்ராசவுண்ட்ல பார்த்தா உள்ளே ஒரு கோடு. மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் கீறி எடுத்தோம். கிட்டத்தட்ட 2 செ.மீ. துண்டு. அவர் புடுங்கினது வால் பக்கம்தான். தலைப்பக்கம் உள்ளேயே தங்கிடுச்சு.

அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அவர் சொன்னார்: "வேலையைப் பாக்குறது முன்னாடி இருக்குறது. கையோட வர்றது பின்னாடி இருக்குறது."

அம்பு செஞ்ச மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா இதைத்தான் யோசிச்சிட்டு இருந்தான். எனக்கு உடனே திருவதிகை அம்பு ஞாபகம் வந்துச்சு.

திருவதிகை தெரியும்தானே? பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆத்தங்கரையில இருக்கிற ஊர். வீரட்டானேசுவரர் கோயில். சிவன் வீரச்செயல் செஞ்சதா சொல்ற எட்டு வீரட்டத் தலங்கள்ல இது ஒண்ணு. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்தது இங்கதான்னு எல்லாருக்கும் தெரியும். (டாக்டர் ஆச்சே, அது என்ன நோயா இருக்கும்னு கேக்காதீங்க. பரிசோதிக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா சூலம் குத்தின மாதிரி வலி, அதனால சூலை. அந்தப் பேரு மட்டும் அருமையான நோய்க்குறிப்பு.)

அப்பர் கதைக்கு முன்னாடியே இந்த ஊருக்கு இருக்கிற கதை முப்புரம் எரித்தது. தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலின்னு மூணு அசுரர்கள். பொன், வெள்ளி, இரும்புன்னு மூணு பறக்கும் கோட்டை. மூணும் ஒரே நேர்கோட்டுக்கு வர்ற நொடியில ஒரே அம்பால அடிச்சாத்தான் அழியும். பூமி தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், பிரம்மா சாரதி, மேரு மலை வில், வாசுகி நாண். கோயில் கருவறையையே தேர் வடிவத்துலதான் கட்டியிருக்காங்க.

எல்லாரும் தேரையும் வில்லையும் பேசுவாங்க. நான் அம்பைப் பேசப் போறேன்.

அந்த அம்பு ஒரே பொருள் இல்ல. திருமால் அம்பு, அக்கினி முனை, வாயு இறகு. தேவாரத்துல இந்தக் கணக்கு பல இடத்துல வருது. யோசிச்சுப் பாருங்க, திருமாலே அம்பா வந்தப்புறம் அது போதாதா? எதுக்கு முனைக்கு இன்னொருத்தர், வாலுக்கு இன்னொருத்தர்? கதையைச் சொன்னவங்களுக்கு நிஜ அம்பு தெரியும். ஒரே பொருள்ல நல்ல அம்பு செய்ய முடியாது. முன்னாடி கடினமா, நடுவுல நேரா, பின்னாடி லேசா இருக்கணும். மூணு குணமும் ஒரே குச்சியில கிடைக்காது.

ஆதியில அம்புக்குச் சுலபமான பொருள் நாணல். நேரா வளரும், உள்ளே கூடு, எடை கம்மி, ஆத்தங்கரையில இலவசம். வடமொழியில 'சரம்'னா ஒரு வகை நாணல். அதே சொல்தான் அம்புக்கும் பேரு. சரவணம்னா நாணல் காடு. முருகன் பிறந்த சரவணப் பொய்கை நாணல் அடர்ந்த குளம். உங்க நண்பர் சரவணனைப் பார்த்தா, அவர் பேருக்குள்ள அம்புக்கான மூலப்பொருள் இருக்குன்னு சொல்லுங்க. கிரேக்க நாட்டு ஹெரோடோடஸ், பாரசீக மன்னன் செர்க்ஸஸ் படையில இருந்த இந்தியர்கள் கையில இரும்பு முனை வச்ச நாணல் அம்பு இருந்ததா எழுதியிருக்கார்.

நாணலுக்கு ஒரு குறை. நுனி பலவீனம். கடினமான எதுலயாவது மோதினா முன்பக்கம் பிளந்துடும். அதனால முன்னாடி மட்டும் கடின மரத்துல ஒரு துண்டு சொருகிட்டாங்க. உடைஞ்சா அந்தத் துண்டை மட்டும் மாத்தினா போதும். எகிப்துல 1922-ல திறந்த துட்டன்காமன் கல்லறையில இப்படி நாணல் உடம்பும் கடின மர முன்துண்டுமா அம்புகள் கிடைச்சுது. ஜெர்மனியில ஹாம்பர்க் பக்கத்துல ஸ்டெல்மூர்னு ஒரு இடம். அங்க 1930-கள்ல தோண்டி எடுத்த பைன் மர அம்புகள் பத்தாயிரம் வருஷத்துக்கும் மூத்தவை. அதுலயே ரெண்டு துண்டா செஞ்சு சேர்த்த அம்பு இருந்தது. பத்தாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள தாங்கினது, இரண்டாம் உலகப் போர்ல எரிஞ்சு போச்சு.

ஆல்ப்ஸ் பனிமலையில 1991-ல கிடைச்ச ஓட்ஸி கேள்விப்பட்டிருப்பீங்க. சுமார் 5300 வருஷத்துக்கு முன்னாடி செத்த மனுஷன், உடம்பு அப்படியே உறைஞ்சு கிடைச்சுது. அவர் அம்பறாத்தூணியில 14 அம்புக் கழி. ரெண்டுதான் முழுசா முடிச்சது. அந்த ரெண்டுல ஒண்ணுக்கு முன்பக்கம் வேற மரம். இவரைப் பத்தி மறுபடி வருவேன், ஞாபகம் வச்சிக்கோங்க.

நாணல்ல துண்டைச் சொருகுறது சுலபம், அது ஏற்கெனவே குழாய். கெட்டி மரக் கழியில எப்படிச் சேர்க்கிறது?

1545-ல இங்கிலாந்துல ரோஜர் ஆஸ்கம்னு ஒருத்தர் வில்வித்தை பத்தி 'டாக்ஸோஃபிலஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். பின்னாடி இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியரா இருந்தவர். அம்பின் முன்பக்கம் கனமான மரத்தை ஒட்டினா பின்பக்க இறகுக்குச் சரிசமமா இருக்கும், அம்பு அலையாம போகும்னு சொல்றார். அதுக்கு அவர் சொல்ற மரங்கள்ல ஒண்ணு 'பிரேசில்'. நாட்டுப் பேரு இல்ல! பிரேசில் மரம்னு ஐரோப்பாக்காரங்க முதல்ல சொன்னது ஆசியாவுல விளைஞ்ச சிவப்புச் சாயமரத்தை. நம்ம பதங்கம். கேரளா ஓட்டல்ல ரோஸ் கலர்ல வெந்நீர் வைப்பாங்களே, பதிமுகம், அந்த மரமேதான். கொல்லத்துல இந்த மரம் கிடைக்கிறதை மார்க்கோ போலோ எழுதியிருக்கார். போர்ச்சுகீசியர் 1500-ல தென் அமெரிக்காவுல இறங்கி அதே மாதிரி சிவப்பு மரத்தைப் பார்த்ததாலதான் அந்த நாட்டுக்கே பிரேசில்னு பேரு நிலைச்சுது.

சரி, செய்முறை. பெரியவர் கட்டுப் பிரிக்க வந்தப்ப இதையெல்லாம் சொன்னேன். "செஞ்சு பாத்துடலாமா?"ன்னார். எனக்கும் ஆசைதான். ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறைக்குப் போனேன்.

கழிக்கு மலைவேம்பு. லேசான மரம், நாரோட்டம் நேரா இருக்கும். 9 மி.மீ. கனத்துக்கு உருட்டி வச்சிருந்தார். முன்துண்டுக்குச் சவுக்கு வைரம். என் கேலியைப் பொருட்படுத்தாம அவர் கையைக் குத்தின அதே கட்டையிலேயே எடுத்தார். 12 மி.மீ. சதுரக் குச்சி, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அதோட நடுவுல, நீளவாக்குல, மெல்லிய ரம்பத்தால முக்கால்வாசி தூரம் பிளவு போடணும். கழியோட முனையை அதே நீளத்துக்கு ரெண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கணும். ஆப்பைப் பிளவுக்குள்ள விட்டு, பசை போட்டு, இறுக்கிக் கட்டணும். காய்ஞ்சதும் பக்கவாட்டுல துருத்திட்டு நிக்கிற சவுக்கை உருட்டிச் சீவிட்டா, கருமரமும் வெள்ளை மரமும் நீளமான கூர்முனைகளா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் நிக்கும்.

சொல்லும்போது சுலபம். 9 மி.மீ. உருண்டைக் கழியை அவ்வளவு நீளத்துக்கு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா, தாள் கனத்துல முடியுற மாதிரி வெறுங்கையால சீவ முடியாது. நான் முயற்சி பண்ணினேன். பல்குச்சி மாதிரி வந்துச்சு.

பெரியவர் கழியைத் தொடவே இல்ல. முதல்ல ஒரு தேக்குத் துண்டுல காடி எடுத்தார். காடி மட்டமா இல்ல, ஒரு பக்கம் ஆழமா ஆரம்பிச்சு மறுபக்கம் மேலேறி வருது. கழியை அதுல படுக்க வச்சா, சரிவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மேலே தெரியும். இழைப்புளி ரெண்டு கரையிலும் உக்காந்து ஓடும். கரை மட்டத்துக்கு வந்ததும் தானா வெட்டுறது நின்னுடும். திருப்பிப் போட்டு மறுபக்கம். கழி உருளாம இருக்க பின்னாடி ஒரு ஆணி. இவ்வளவுதான் ஜிக்.

பிளவு போட இன்னொரு கட்டை. சதுரக் குச்சி அசையாம உக்கார ஒரு பள்ளம், ரம்பம் நடுவை விட்டு விலகாம இருக்க ரெண்டு பக்கமும் மூங்கில் பட்டை. மூணாவதா, சதுரத்தை உருட்ட நீளமான ஒரு 'வி' காடிப் பலகை. அதுல வச்சு நாலு முனையையும் சீவினா எட்டு முகம், மறுபடி சீவினா பதினாறு, அப்புறம் உப்புத்தாள். மூணு ஜிக் செய்ய அரை நாள். அம்பு செய்ய அரை மணி நேரம்.

முதல் அம்பு வீணாச்சு. ஆப்பை உள்ளே தள்ளத் தள்ளப் பிளவு ஓடி, சவுக்குக் குச்சி அடிவரைக்கும் ரெண்டாயிடுச்சு. ரெண்டாவதுக்குப் பிளவு முடியுற இடத்துல முதல்லயே கம்பியால இறுக்கிக் கட்டிட்டார். அரால்டைட் தடவி, ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீத்து கீத்தா வெட்டி, அடியிலிருந்து நுனி வரைக்கும் சுத்திட்டு வந்தார். சுத்திட்டு இருக்கும்போதே சிரிச்சார்.

"இது நம்ம முந்திரி ஒட்டுக் கட்டுறதுதானே டாக்டர்!"

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து ஆளுங்களுக்கு இது புரியும். முந்திரி நாத்தோட தலையை வெட்டி, நடுவுல பிளந்து, நல்ல ரகத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பாலித்தீன் பட்டையால சுத்துவாங்க. அதே பிளவு, அதே ஆப்பு, அதே கட்டு. எனக்கு இது தோணவே இல்ல. எனக்குத் தெரிஞ்சது ரத்தக்குழாய் தையல். மெல்லிய குழாய் ரெண்டை இணைக்கும்போது முனையைச் சாய்வா வெட்டித்தான் தைப்பாங்க. நேரா வெட்டினா சேரும் பரப்பு கம்மி, சாய்வா வெட்டினா அதிகம். மூணு பேரும் வேற வேற ஊருல அதே விடைக்கு வந்திருக்காங்க.

மறுநாள் பிரிச்சு, உருட்டி, விரல்மேல வச்சுப் பார்த்தோம். வெறும் கழி நடுவுல நிக்குது. ஒட்டுப் போட்ட கழி முன்பக்கமா நகர்ந்து நிக்குது. ஆஸ்கம் சொன்னது சரி. ரெண்டையும் செங்கல் சுவத்துல ஓங்கிக் குத்தினார். மலைவேம்பு நுனி பூ மாதிரி விரிஞ்சுடுச்சு. சவுக்கு நுனி லேசா மழுங்கினதோட சரி.

இப்ப டாக்டர் பக்கத்துக்கு வர்றேன். ரெண்டு துண்டா செஞ்சா, மனுஷ உடம்புக்குள்ள போனதும் ரெண்டு துண்டாப் பிரியவும் செய்யும். பசை போட்ட ஆப்பு மூட்டு எளிதுல விடாது. ஆனா சொருகி வச்ச முன்துண்டும், நரம்பால கட்டின முனையும் விட்டுடும். 1862-ல அமெரிக்க ராணுவ டாக்டர் ஜோசப் பில் அம்புக் காயங்களைப் பத்தி எழுதின கட்டுரையில முக்கியமான விஷயமே இதுதான். விலங்கு நரம்பால கட்டின முனை, உள்ளே ரத்தத்துல ஊறினதும் கட்டு தளர்ந்துடும். கழியைப் பிடிச்சு இழுத்தா கழி மட்டும் வரும். முனை எங்கன்னு தேடவே வழி இல்லாம போயிடும். கழிதான் டாக்டருக்கு வழிகாட்டி, அதை இழுக்காதேன்னு சொல்றார்.

ஓட்ஸிக்கு வருவோம். கண்டுபிடிச்சு பத்து வருஷம் வரைக்கும் அவர் எப்படிச் செத்தார்னு தெரியல. 2001-ல எக்ஸ்ரேவில் இடது தோள்பட்டைக்குள்ள கல் அம்புமுனை தெரிஞ்சுது. பின்னாடி எடுத்த ஸ்கேன்ல, காரை எலும்புக்குக் கீழே போற பெரிய தமனி கிழிஞ்சிருக்கிறதும் தெரிஞ்சுது. கழி இல்ல. யாரோ இழுத்திருக்காங்க. முனை இன்னைக்கும் உள்ளேதான்.

இந்திய மண்ணுல நடந்த பிரபலமான அம்புக் காயம் அலெக்சாண்டருக்கு. கி.மு. 326-325 வாக்குல, மாளவர்கள் கோட்டையில மதில் தாண்டிக் குதிச்சவருக்கு கவசத்தைத் துளைச்சுட்டு நெஞ்சுல ஏறுச்சு. நம்ம ஆட்களோட வில் ஆள் உயரம், இடது காலை ஊன்றி இழுப்பாங்க, அம்பு கிட்டத்தட்ட மூணு முழம்னு அரியன் எழுதியிருக்கார். அந்த அம்பா இருந்தா கவசம் என்ன செய்யும்? முதல்ல மரக்கழியை அறுத்தாங்க, அப்பத்தான் கவசத்தைக் கழட்ட முடிஞ்சுது. அப்புறம் காயத்தைப் பெரிசாக் கீறி முனையை எடுத்தாங்க. கீறினது கிரிட்டோடெமஸ்ங்கிற வைத்தியர்னு ஒரு கூற்று, வைத்தியர் கிடைக்காம தளபதி பெர்டிக்காஸ் வாளாலேயே கீறினார்னு இன்னொரு கூற்று. அரியன் ரெண்டையும் பதிவு செஞ்சிருக்கார். மயக்க மருந்து கிடையாது. பிழைச்சுட்டார்.

சுஸ்ருதர் இதையே முறையா எழுதி வச்சிருக்கார். உள்ளே சிக்கினதை எடுக்க ரெண்டு வழி: வந்த வழியே திரும்ப, இல்லாட்டி முன்னோக்கித் தள்ளி மறுபக்கம். எங்க இருக்குன்னு தெரியலைன்னா உறைஞ்ச நெய்யோ சந்தனமோ தடவு. நெய் எங்க சீக்கிரம் உருகுதோ, சந்தனம் எங்க சீக்கிரம் காயுதோ, அங்க சூடு அதிகம், அங்கதான் பொருள் இருக்கு. (அழற்சி இருக்கிற இடம் சூடா இருக்கும்னு இன்னைக்கும் முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித் தர்றோம்.) இரும்பா இருந்து, கொக்கி இல்லாம, வாய் அகலமா இருந்தா காந்தம். எலும்புல இறுகிட்டா? வில் நாணால கட்டி, மறுமுனையைக் குதிரைக் கடிவாளத்துல கட்டி, குதிரையைத் தட்டு. அது தலையைத் தூக்கும்போது வந்துடும். இல்லாட்டி மரக்கிளையை வளைச்சுக் கட்டி விட்டுடு. படிச்சுட்டு எங்க ஆர்த்தோ நண்பருக்கு அனுப்பினேன். "குதிரைக்கு இண்டெண்ட் போடணுமா?"ன்னு கேட்டார்.

இந்த "உள்ளே சிக்கின பொருளுக்கு" சுஸ்ருதர் வச்ச பேரு சல்லியம். அதை எடுக்கிற கலை சல்லிய தந்திரம். இன்னைக்கும் ஆயுர்வேதக் கல்லூரிகள்ல அறுவை மருத்துவ மேற்படிப்புக்கு அதுதான் பேரு.

சல்லியம்ங்கிற சொல் எங்கிருந்து வந்துச்சு? இங்கதான் திருவதிகைக்குத் திரும்பறோம். மூன்று புரங்களை அழிச்ச கதை புராணங்களுக்கு வெகுகாலம் முன்னாடியே வேத நூல்கள்ல இருக்கு. ஐதரேய பிராமணத்துல அந்த அம்புக்கு நாலு பாகம். அக்கினி முனை, சோமன் சல்லியம், விஷ்ணு கழி, வருணன் இறகு. தைத்திரீய சங்கிதையிலும் அக்கினி, சோமன், விஷ்ணு அதே வரிசை. முனைக்கும் கழிக்கும் நடுவுல வர்ற அந்தச் சல்லியத்தை, முனை உக்கார்ற துண்டுன்னு மொழிபெயர்க்கிறாங்க. அதாவது, பெரியவர் சவுக்குல செஞ்சாரே, அந்த இடம்.

தமிழுக்கு வரும்போது நாலு மூணாச்சு, சோமன் விட்டுப்போயிட்டார், இறகு வாயுவுக்குப் போச்சு. அம்பில் இருந்த சல்லியம் மறைஞ்சுடுச்சு, மருத்துவத்துல தங்கிடுச்சு. அனுமன் தூக்கிட்டு வந்த சஞ்சீவி மலையில சஞ்சீவி மட்டும் இல்ல, விசல்யகரணின்னு ஒரு மூலிகையும் இருந்துச்சு. சல்லியத்தை நீக்குவதுன்னு அர்த்தம். உயிர் கொடுக்கிற மூலிகை எல்லாருக்கும் தெரியும். அம்புமுனையை எடுக்கிற மூலிகையை யாரும் ஞாபகம் வச்சிக்கல. சர்ஜன்களுக்கு எப்பவும் இதே கதைதான்.

இப்ப அம்பு தைச்சு யாரும் எங்க காஷுவாலிட்டிக்கு வர்றதில்ல. வர்றது சீமைக் கருவேல முள், மூங்கில் சிலாம்பு, ஆணி, சில நேரம் விபத்துல தொடையில ஏறின கம்பி. சின்ன முள்ளுன்னா நீங்களே எடுக்கலாம், தப்பில்ல. எடுத்ததும் நுனி முழுசா இருக்கான்னு பாருங்க. ஒடிஞ்ச மாதிரி இருந்தாலோ, ரெண்டு மூணு நாள்ல வலியும் வீக்கமும் குறையலைன்னாலோ வந்துடுங்க. "முள் குத்தின இடம், பாதி எடுத்தேன்"னு வாயால சொல்லுங்க, எக்ஸ்ரே சொல்லாததை நீங்கதான் சொல்லணும். டி.டி. ஊசி எப்ப போட்டீங்கன்னும் சொல்லுங்க. ஆழமா ஏறின கம்பி, கத்தி, கட்டை எதையும் வெளியில வச்சு இழுக்கவே கூடாது. அசையாம துணியால அணைகொடுத்து அப்படியே கூட்டிட்டு வாங்க. பெரிசா இருந்தா வெளியே நீட்டிட்டு இருக்கிறதை அறுக்கிறதை நாங்க பார்த்துக்கறோம். அலெக்சாண்டருக்குச் செஞ்சதும் அதுதான்.

பெரியவர் கை ஆறிடுச்சு. பிடி முழுசா வந்துடுச்சு. அம்புக்கு இறகு கட்டலாமான்னு கேட்டேன், "வாயு பகவான் வேலை, அவர்கிட்டயே விட்டுடலாம்"னுட்டார். எப்படியும் திருவதிகையில அந்த அம்பு வில்லை விட்டுக் கிளம்பவே இல்லையாம், சிவன் சிரிச்சார், முப்புரம் எரிஞ்சுதுன்னுதான் நம்ம பெரியவங்க சொல்றாங்க. எங்க அம்பும் இன்னும் கிளம்பல. பட்டறைச் சுவத்துல ரெண்டு ஆணியில படுத்திருக்கு. ஜிக் மூணையும் மட்டும் எண்ணெய் தடவி தனியா எடுத்து வச்சிருக்கார். அடுத்து அதுல ஊஞ்சல் பலகைக்கு உடைஞ்ச கால் ஒண்ணை ஒட்டுப் போடப் போறாராம்.